காலி செய்யச் சொல்லப் போனவன்

வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடுவில் நிற்கிற வேலை இருக்கிறதே, அதைப் பார்ப்பவனுக்கு இரண்டு பக்கமும் ஒரு வாய் காப்பி கிடைக்காது.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுக்காரர்களோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலத்தில் சில வருஷங்கள் பத்தாங் பெர்ஜுந்தாயில் நான் அந்த வேலையைப் பார்த்தேன். எஸ்டேட் ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற கந்தையா என்கிற யாழ்ப்பாணத்துக்காரருக்கு, ஊர்க் கோடியில், ரப்பர் தோட்டத்துக்குச் சாலை பிரியும் இடத்தில், தகரக் கூரை போட்ட பலகை வீடுகள் ஒரு வரிசை இருந்தன. அவர் குடியிருந்தது கோலசிலாங்கூரில். வரிசையின் முதல் வீட்டில் என்னைக் குடிவைத்து மற்ற வீடுகளைக் கவனிக்கச் சொல்லியிருந்தார். கவனிப்பது என்றால் முக்கியமாக இரண்டு காரியம். ஐயா வீட்டைப் பார்க்க வருகிறார் என்றால் குடித்தனக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். யாராவது வீட்டை விட வேண்டும் என்றால் நோட்டீசைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

நீங்களும் வாடகை வீட்டில் இருந்திருப்பீர்கள். வீட்டுக்காரர் வருகிறார் என்றதும் அடுப்படிக் கரியைத் தேய்த்துத் துடைத்திருப்பீர்கள், சுவரில் அடித்த ஆணியைக் காலண்டரால் மறைத்திருப்பீர்கள். அந்தப் படபடப்பு உங்களுக்குத் தெரியும். அதோடு ஊரடங்கையும் துப்பாக்கியையும் சேர்த்துக்கொண்டால் எங்கள் காலம்.

கூரை பார்க்கப் போனது

அஞ்சலை வீட்டுக் கூரை ஒழுகியது. அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். ஐயா ஒரு தச்சரை அனுப்பினார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு காலையில் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றது. "யாரு?" என்றுகூட யாரும் கேட்கவில்லை.

கதவைத் திறந்த அஞ்சலை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நின்றாள். ஒரு கையில் அவளுடைய அடையாளக் கார்டு, மறு கையில் புருஷனுடையது. பின்னால் பிள்ளைகள் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். பெரியவள் இடுப்பில் கைக்குழந்தை. யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை. விடியற்காலையில் பட்டாளம் வந்து வீடு வீடாகச் சோதனை போட்டுப் போட்டு, கதவு தட்டும் சத்தம் கேட்டால் அப்படி நின்றுவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. "நான்தாம்மா, பிரகாசம். கூரை பாக்க வந்திருக்கோம்" என்றேன். அவள் கார்டுகளை இறக்காமல் தச்சரின் முகத்தையும் அவர் கையிலிருந்த சுத்தியலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"கூரையை மட்டுந்தானே பாக்கணும்? அப்ப பிள்ளைங்களை உட்காரச் சொல்லலாங்களா?"

ஒரு குறையும் இல்லாத வீடு

எங்கள் வரிசையில் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து வீட்டை விட்டவர் ஆரோக்கியசாமி வாத்தியார் ஒருவர்தான். மற்றவர்கள் ஒரு நாள் இருப்பார்கள், மறுநாள் வாசலில் பூட்டுகூட இருக்காது. வாத்தியார் ஒரு மாதம் முன்னாலேயே சொன்னார். போகும் நாளில் தரையைக் கழுவிவிட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடியைத் தாமே மாற்றி, என்னைக் கூப்பிட்டு ஒவ்வோர் அறையாகக் காட்டினார். அவர் காட்டக் காட்ட எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இவ்வளவு நல்ல குடித்தனம் ஏன் போகிறது, வீட்டில் என்ன குறை என்று கேட்கும்படி ஐயா எனக்குச் சொல்லியனுப்பியிருந்தார். வாத்தியார் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நாள்தோறும் ரப்பர் மரங்களுக்கு நடுவே சைக்கிளில் போய்வந்தவர். கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் அந்தத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோரைக் காட்டுக்காரர்கள் ரப்பர் பால் கொட்டகை வாசலில் சுட்டுப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோடு வாத்தியாரும் அந்த உடலைக் கடந்துதான் போனார். பிள்ளைகளின் கண்ணை மூட அவருக்கு இருந்தது இரண்டு கைகள்தான். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னார். வாத்தியார் சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்:

"வீட்டுல ஒரு குறையும் இல்லைன்னு ஐயாகிட்ட சொல்லுங்க. ஜன்னலைத் திறந்தா ரப்பர் மரம் தெரியுது, அது ஒண்ணுதான்."

விரித்திருந்த பாய்

ஊரில் யார் வீட்டில் யார் தங்குகிறார்கள் என்பதற்கு வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டும் என்று போலீஸ் சொல்லிவிட்டது. கந்தையா ஐயா பயந்துபோனார். எல்லா வீட்டையும் உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நாள் பஸ் ஏறி வந்தார். கோட்டும் குடையுமாக முன்னால் அவர், பின்னால் நான்.

கடைசி வீட்டில் சின்னப்பனும் அவர் மனைவி பாக்கியமும் இருந்தார்கள். சின்னப்பன், குளத்தில் மிதந்தபடியே சேற்றிலிருந்து ஈயம் தோண்டும் கப்பலில் வேலை செய்தார். நான் முதல் நாளே சொல்லியிருந்ததால் வீடு பளிச்சென்று இருந்தது. ஐயா அடுப்படியைப் பார்த்தார், முன்னறையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பின்னறைக் கதவைத் தள்ளியதும் நின்றுவிட்டார். அங்கே பட்டப்பகலில் ஒரு பாய் விரித்திருந்தது. தலைமாட்டில் தலையணை, அதன்மேல் மடித்து வைத்த சட்டையும் சாரமும். "உது ஆற்ற பாய்?" என்று கேட்டார்.

சின்னப்பன் தரையைப் பார்த்தார். அது அவர்கள் மகன் அந்தோணியுடையது. கப்பலில் அப்பனோடு வேலை செய்தவன். தொழிற்சங்கத்தில் முன்னால் நின்று பேசுவான். சங்கத்தைத் தடை செய்து ஆட்களைப் பிடிக்க ஆரம்பித்த சமயத்தில் ஒரு மத்தியானம் வெளியே போனவன் திரும்பவில்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள் சிலர். காட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள் சிலர். ஸ்டேஷனில் போய்க் கேட்கிற தைரியம் அப்பனுக்கு இல்லை. கேட்டால், அவன் காட்டில்தான் இருக்கிறான் என்று இவர்களே காட்டிக் கொடுத்ததாகிவிடுமோ என்ற பயம்.

ஐயாவின் குரல் இறங்கிவிட்டது. "பாயைச் சுருட்டி வையுங்கோ அம்மா. பொலிஸ் வந்து பார்த்தால் பெடியன் இரவில வந்து போறான் எண்டெல்லோ நினைப்பினம்" என்றார். பாக்கியம் தலையணை மேலிருந்த சட்டையை நீவிவிட்டாள்.

"நெனைக்கட்டுங்க ஐயா. எம்புள்ள உசுரோட இருக்கான்னு அவங்களாவது நெனைக்கட்டும்."

நோட்டீஸ்

கந்தையா ஐயா கெட்டவர் இல்லை. ஆனால் அந்தப் பாயைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அடுத்த வாரமே என்னைக் கோலசிலாங்கூருக்கு வரச் சொன்னார். ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் எழுதித் தயாராக வைத்திருந்தார். "அவங்க பாவம் ஐயா" என்றேன். "பாவந்தான் தம்பி. எனக்கும் வீட்டில கலியாணம் முடிக்காத ரெண்டு குமர்ப் பிள்ளையள் இருக்கு. என்னைப் பிடிச்சுக்கொண்டு போனால் அதுகளை ஆர் பார்க்கிறது?" என்றார்.  பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அதற்குப் பதில் தேடினேன். தஞ்சம் கேட்கிற முகமும் தஞ்சம் கொடுக்கப் பயப்படுகிற முகமும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

சின்னப்பனுக்கும் பாக்கியத்துக்கும் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த சின்னப்பன், நகத்திலிருந்த எண்ணெய்க் கறையைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். பாக்கியம் அவகாசம் கேட்கவில்லை, அழவும் இல்லை. "எந்தம்பி பாகான் நக்கோடா ஓமார்ல மீன் காயவைக்கிற எடத்துல இருக்கான். அங்க போயிடுறோம்" என்றாள். அப்பாடா என்று எழுந்தேன். அவள் என்னோடு வாசல் வரைக்கும் வந்தாள்.

"வீடு போறதுல ஒண்ணுமில்லண்ணே. நாளைக்கு அவன் வந்து கதவைத் தட்டுனா, தொறக்கிறவங்க 'அப்படி யாரும் இங்க இல்ல'ன்னு சொல்லி அனுப்பிடுவாங்களே, அதுதான்."

அடுத்து வருகிறவர்களிடம் நானே சொல்லி வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த குடித்தனம்

அடுத்து யாரைக் குடிவைக்கிறார் என்று ஐயா சந்தோஷமாகச் சொன்னபோது பாக்கியத்துக்குக் கொடுத்த வாக்குதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ராமையா என்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள். ஈயக் கப்பலுக்குக் காவல். தோளில் துப்பாக்கியோடு போய்த் துப்பாக்கியோடு வருகிற ஆள். "இனி எனக்குக் கவலை இல்லை" என்றார் ஐயா. காட்டுக்குப் போனானோ என்னவோ என்று சந்தேகப்படுகிற பையன் வந்தால் அவனுக்கு வழி சொல்லுங்கள் என்று நான் போய் யாரிடம் சொல்வது? ராமையா வேலைக்குப் போன நேரம் பார்த்து அவர் மனைவி காத்தாயியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.  நான் எழுந்தபோது, "அந்த ஊர் பேரை இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

வெகுநாள் கழித்து ஒரு மத்தியானம், கடைசி வீட்டு வாசலில் துணிமூட்டையோடு ஒருவன் நிற்பதைப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக இருந்தான். கொடியில் காய்ந்துகொண்டிருந்த காக்கிச் சட்டையைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினான். அதற்குள் காத்தாயி படியிறங்கி வந்து, "அந்தோணியா? ஒங்கம்மா பாகான் நக்கோடா ஓமார்ல இருக்காங்க" என்றாள். அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் காட்டுக்கே போகவில்லை. வீட்டை விட்டு வெளியே போன அன்று மத்தியானமே பிடித்துத் தடுப்பு முகாமில் போட்டிருக்கிறார்கள். கடிதம் எழுதினேன் என்றான். எங்கள் வரிசைக்கு எந்தக் கடிதமும் வந்ததில்லை.

அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ராமையாவின் சைக்கிள் வந்து நின்றது. அந்தோணி செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து விறைப்பாக நின்றான்.  ராமையா அவன் விடுதலைக் காகிதத்தை வாங்கி, வெயிலில் நின்றபடியே எழுத்தெழுத்தாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"காயிதம் சரியாத்தான் இருக்கு. மிச்சத் தண்ணியையும் குடிச்சிட்டுக் கெளம்பு. கோலசிலாங்கூர்ல பஸ் மாறணும், ஊரடங்குக்குள்ள போய்ச் சேரணும்லா."

வந்து சேர்ந்தான்

சின்னப்பன் பிறகு ஒரு நாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டு, மகன் நல்லபடியாக வந்து சேர்ந்தான் என்றார். படுக்கையிலேயே கிடந்த பாக்கியம் இப்போது எழுந்து நடமாடுகிறாள், சிரிக்கிறாள் என்றார். பக்கத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். அப்புறம் என்ன, எல்லாம் சரியாகிவிட்டதே என்று நானும் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். காப்பிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கான் பிரகாசம். ஆனா நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எந்திரிச்சி நின்னு, கையைத் தொடையோட ஒட்ட வெச்சிக்கிட்டு, 'ஐயா'ங்கிறான்."

வீட்டுக்காரருக்கு வந்தது

தோட்டச் சாலையில் போன ஒரு லோரியைக் காட்டுக்காரர்கள் சுட்டார்கள். அதற்குப் பிறகு ஊரைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டபோது, எங்கள் வரிசை வேலிக்கு வெளியே விழுந்தது. வேலிக்கு வெளியே வீடு எதுவும் இருக்கக் கூடாது என்று உத்தரவு. அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பையன்; சிவந்த முகத்தில் அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. கந்தையா ஐயா அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, தாம் எஸ்டேட்டில் எத்தனை துரைமாரிடம் வேலை பார்த்தவர் என்று இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். பலகைகளைக் கழற்றி எடுத்துக்கொள்ளவாவது அவகாசம் வேண்டும் என்றார். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான்: லோரி நாளைக் காலையில் வரும்.

மறுநாள் அஞ்சலையின் சாமான்களும் ராமையாவின் சாமான்களும் வேலிக்குள் போக ஒரே லோரியில் ஏறின. லோரி போனதும் உத்தரங்களை வெட்டிச் சாய்க்க ஆரம்பித்தார்கள். ஐயா சாலையோரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு கூரையாக இறங்கியபோது அவர் உதடு மட்டும் அசைந்தது. சாலையில் நாங்கள் இருவர்தான் மிஞ்சியிருந்தோம். அவர் என் தோளைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அன்றுதான்.

"தம்பி, நான் சனங்களுக்கு ஒரு மாசமாவது குடுத்தனான்தானே? நீர்தானே கொண்டுபோய்க் குடுத்தது, நீர் சொல்லும், குடுத்தனான்தானே?"

ஊருக்கெல்லாம் நோட்டீஸ் சுமந்தவனுக்கு நோட்டீஸ் கொடுக்க மட்டும் ஒருவரும் வரவில்லை. கதவுகளே இல்லாமல் போனபிறகு, என் வேலையும் வீடும் போய்விட்டன என்பதை நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.