மஞ்சள் ஸ்கிரீனும் புது லெப்டொப்பும்

இன்று கல்முனையில் ஒரு கொம்பியூட்டர் கடையில்...

கடையில் இருந்த லெப்டொப் எல்லாவற்றிலும் பிழை கண்டுபிடித்தேன்!

ஒன்று பாரம். ஒன்றின் கீபோர்ட் சத்தம். இன்னொன்றின் மூடியில் விரல் பட்டால் அடையாளம் விழுகிறது. (விரல் படாமல் லெப்டொப் பாவிப்பது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள்.)

கடைக்கார நானா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பொறுமையான மனிதர். அவருக்கே ஏலாமல் போய்விட்டது.

"தங்கச்சி, மாப்புள பாத்த நேரங்கூட இவ்வளவு நொட்ட சொல்லியிருக்க மாட்டீங்க!"

(உண்மைதான். மாப்பிள்ளையை ஒரே பார்வையில் சரி என்றுவிட்டேன்.)

கூட வந்த என் தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும். உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் சம்மாந்துறையில் வீட்டில் இருந்தபடியே கலியாண அட்டை டிசைன் செய்கிறவள். என் பழைய லெப்டொப், கணவர் கட்டாரில் இருந்து முதல் லீவில் வந்தபோது கொண்டு வந்தது. பிளேனில் பெட்டிக்குள் போட மனமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்!

இப்போது அதற்கு வயது போய்விட்டது. மூடி நிற்காது, சீனி டின்னில் சாய்த்து வைக்க வேண்டும். பற்றரி செத்துவிட்டது, வயர் அசைந்தால் எல்லாம் போச்சு. ஸ்கிரீன் முழுக்க மஞ்சள் பூத்து, வெள்ளை எது, சந்தன நிறம் எது என்று தெரியாது.

போன மாதம் அதுதான் என் மானத்தை வாங்கியது. எனக்குச் சந்தன நிறமாகத் தெரிந்த அட்டை, அச்சடித்து வந்தபோது பளிச்சென்று வெள்ளை! மணப்பெண்ணின் உம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னகா இது? சந்தனக் கலர் எண்டு சொல்லிப்போட்டு, கபன் துணி மாதிரி வெள்ளையாக் கிடக்கு!"

இறந்தவருக்குச் சுற்றுகிற துணி; கலியாண வீட்டுக்காரர் வாயில் வரக்கூடாத வார்த்தை. அத்தனை அட்டையையும் திருப்பி அடித்துக் கொடுத்தேன்.

அப்படியும் புதுசு வாங்கவில்லை. ஏனென்றால் கணவர் சொல்லியிருந்தார், "புதுச நான் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வரக்குள்ள கையோட கொண்டு வாறன் புள்ள."

அதனால் பழையது ஒவ்வொரு முறை இறுகி நிற்கும்போதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இது பழுதானால் அவர் வந்துதானே ஆகவேண்டும்! (பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.)

போன கிழமை அவரே சொன்னார்.

"இனிப் பாத்துக்கொண்டிருக்காத புள்ள. கல்முனைல ஒண்டு பாத்து எடு. உண்ட வேல கெட்டுப்போகும்."

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.

அதுதான் கடையில் அத்தனை நொட்டை. வாங்கிவிட்டால் அவர் வரமாட்டார் என்பது முடிவாகிவிடும் போல இருந்தது.

தங்கச்சி காதுக்குள் சொன்னாள்.

"ராத்தா, நீங்க எடுக்காட்டியும் மச்சான்ட லீவு வராது. சும்மா அந்த மனிசனப் போட்டு வருத்தாதீங்க."

சரியென்று ஒன்றைக் காட்டினேன். நானா உடனே, "கெமராவையும் பாத்துக்கொள்ளுங்க. ஆருக்கும் ஒரு கோல் எடுங்களன்" என்றார்.

வேறு யாருக்கு எடுப்பேன்?

அவர் வேலைத்தளத்தில் நிழலுக்குள் உட்கார்ந்திருந்தார். ஸ்கிரீன் முழுக்க அவர் முகம்.

நான் ஸ்கிரீனுக்குக் கிட்டக் குனிந்தேன்.

தாடியில் பாதி வெள்ளை. கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இவ்வளவு நாளும் பழைய லெப்டொப்பில் நான் பார்த்துப் பேசியது யாரோடு? அட்டையின் வெள்ளையைச் சந்தனமாகக் காட்டிய அதே ஸ்கிரீன், இவருடைய தாடியையும் எனக்கு மறைத்து வைத்திருக்கிறது.

"நான் தெளிவாத் தெரியிறனா புள்ள?"

"ஓம்... நல்லாத் தெரியிறீங்க."

"அப்ப அதையே எடு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அந்தப் பக்கத்தில் நானும் முதல் தடவை தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏன் இப்பிடி மெலிஞ்சி போயிருக்காய்?"

கடை என்றும் பார்க்காமல் கேட்டேவிட்டேன்.

"ஹஜ்ஜுக்கு வரமாட்டீங்கதானே?"

"இல்ல புள்ள. லீவு தரல்ல. நோன்புப் பெருநாளைக்கு, இன்ஷா அல்லாஹ், கட்டாயம் வருவன்."

கடைக்கார நானா அந்தப் பக்கம் திரும்பி, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அல்லாஹ் அவருக்குப் பரக்கத் செய்யட்டும்.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல லெப்டொப், மாஷா அல்லாஹ். வெள்ளை வெள்ளையாகவே தெரிகிறது. இனி எந்த மணப்பெண்ணின் உம்மாவும் என்னைத் தேடி வரமாட்டார்!

ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பாய் விரித்தபோது, அவருடைய இடத்தில் நான் வைத்தது சீனி டின்னையும் பழைய லெப்டொப்பையும்தான். தினமும் அப்படித்தான். அங்கே அவர் குபூஸ் ரொட்டியை வைத்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து சாப்பிடுவார்.

"புதுசு எங்க?"

"அது சார்ஜில கிடக்கு" என்றேன்.

பொய். அவர் பழையபடி மஞ்சளாக, மங்கலாக, என்னைக் கலியாணம் முடித்த அதே முகத்தோடு இருந்தார். வயிறாரச் சாப்பிட்டேன்.

அதனால் உறவுகளே, ஒரு உதவி.

பழைய லெப்டொப்புக்குப் பற்றரியும் மூடிக்குப் பிணைச்சலும் கல்முனையில் எங்கே எடுக்கலாம்? (புதுசு வாங்கின அன்றே பழையதைத் திருத்தக் கேட்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன்!)

நீண்ட காலத்துக்கு வேண்டாம். நோன்புப் பெருநாள் வரைக்கும் தாங்கினால் போதும்.

அந்த வெள்ளைத் தாடியை அவர் வந்த பிறகு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன்.