ஜீப்புக்குத் தும்பிக்கை வைக்க ஏற்காடு போனோம்

வெள்ளிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு ஈரோட்டிலிருந்து கிளம்பினோம். வண்டியில் நானும் என் மனைவி மாலதியும். பின்சீட்டில் நான்கடி நீளத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி. ஒவ்வொரு வேகத்தடையிலும் மாலதி திரும்பிப் பெட்டியை முறைத்தாள். பெட்டிக்குள் ஸ்னார்க்கல் இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டீசல் இன்ஜின் காற்றை உறிஞ்சித்தான் ஓடுகிறது. என் பழைய ஜீப்பில் அந்தக் காற்று பானெட்டுக்குள்ளிருந்து போகிறது. ஆழமான ஓடையில் இறங்கினால் காற்றோடு தண்ணீரும் உள்ளே ஏறிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. இன்ஜினுக்குள் இருக்கும் இரும்புதான் வளையும். அதனால் காற்று போகும் வழியை ஒரு குழாய் வைத்துக் கூரை உயரத்துக்குத் தூக்கிவிடுவார்கள். கடையில் அதற்கு ஸ்னார்க்கல் என்று பெயர். நாங்கள் பார்க்கப் போகிற ஏற்காட்டு ஜீப் ஓட்டுநர் சகாயம் அதைத் தும்பிக்கை என்பார்.

போன வருடம் மழைக்காலத்தில், ஏற்காடு மலையில் கொட்டச்சேடு கிராமத்தைத் தாண்டி ஓர் ஓடைக்கு அக்கரையில் இருக்கும் ஃபிலோமினா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். ஃபிலோமினா மாலதியோடு கல்லூரியில் படித்தவள்; காபித் தோட்டத்துக்குள் வீடு. நடு ஓடையில் ஜீப் நின்றது. சகாயம் தன் ஜீப்பில் கயிறு கட்டி எங்களை இழுத்துக் கரை சேர்த்தார். இன்ஜினைப் பிரித்துச் சேர்க்க இரண்டு மாதம் ஆயிற்று. வண்டி வீட்டுக்கு வந்த அன்றே மாலதி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"இன்னொருக்கா இது தண்ணியில நின்னுச்சுன்னா வித்துப்போடோணும். சரின்னு சொல்லுங்க."

சொன்னேன். இருபத்திரண்டு வருடமாக வைத்திருக்கும் வண்டி. அதன் கியர் கம்பியைத் தொடாத வாரம் எனக்கு வாரமே இல்லை. அடுத்த மாதமே பதினோராயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஸ்னார்க்கல் வரவழைத்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அதை மாட்ட ஜீப்பின் பக்கத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட வேண்டுமாம். ஈரோட்டில் நான்கு பட்டறைக்காரர்கள் துளைப்பானோடு தயாராக இருந்தார்கள். எனக்குத்தான் மனசு வரவில்லை. ஆறு மாதம் பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது.

இந்த அக்டோபரில் ஃபிலோமினா மறுபடி கூப்பிட்டாள். சகாயத்துக்குப் போன் செய்து, வாங்கி வைத்த ஸ்னார்க்கலை மாட்டித் தர முடியுமா என்று கேட்டேன்.

"ஏனுங்ண்ணா, இதப் போய் வாங்குவாங்களா? பைப்பு வாங்கிச் செஞ்சுக்கலாமுங்களே. என்ற வண்டியில இருக்கறது நானே செஞ்சதுங்க. ஆறு மழ பாத்திருச்சு."

"வாங்கிட்டனே, சகாயம்."

"வாங்கிட்டீங்களா? அப்பச் சரி, கொண்டாங்க," என்றார். அந்தச் 'சரி'யில் துக்கம் விசாரிக்கும் தொனி இருந்தது.

ஏழு ஐம்பதுக்குச் சேலம் தாண்டி அடிவாரம். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருப்பதால் எவ்வளவு மிச்சம் என்று கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் மாலதி கேட்டாள். ஏழாவது வளைவில் மூடுபனி. பதினைந்தில் ஜன்னல் வழியே குளிர். சேலம் கீழே எங்கோ இருந்தது, தெரியவில்லை. இரண்டாவது கியரில் ஜீப் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டு ஏறியது.

ஒன்பது ஐந்துக்கு ஏற்காட்டின் கடைத்தெருவான ஒண்டிக்கடை. சகாயம் ஏற்கெனவே வந்து காத்திருந்தார். நாற்பத்தைந்து வயது, ஒல்லி; வாரத்தில் ஆறு நாள் எஸ்டேட் சாக்குகளை ஏற்றி இறக்கும் ஜீப்புக்கு ஓட்டுநரும் மெக்கானிக்கும் அவரே. டீ பதினைந்து ரூபாய், சூடான பஜ்ஜி ஒன்று பத்து. மூன்றாவது பஜ்ஜியோடு ஹார்டுவேர் கடைக்குள் போனவர், மூன்று அங்குல பி.வி.சி. குழாய் நாலடி, கிளாம்ப் நான்கு வாங்கி வந்தார். நானூற்றுப் பத்து ரூபாய்.

"பெட்டியிலதான் எல்லாம் இருக்குதே சகாயம், இது எதுக்கு?"

"சும்மா இருக்கட்டுங்ண்ணா," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கடையில் பொருள் வாங்குகிறவனைப் பற்றி, தானே செய்கிறவனுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை அவர்கள் சொல்வதில்லை, கூடவே நாலடி குழாய் வாங்கிக்கொள்வார்கள்.

கொட்டச்சேட்டுக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைக் கட்டிப்பிடித்து ஏறும் மிளகுக் கொடிகள், அடியில் காபிச் செடிகள். காய்கள் இன்னும் பச்சை. பத்தே முக்காலுக்குச் சகாயத்தின் கொட்டகை வந்தது. தகரக் கூரை, வாசலில் மாதா படம், உள்ளே இரண்டு ஜீப்புகளின் எலும்புக்கூடு. அவருடைய ஜீப் ஓரமாக நின்றது. அதன் தும்பிக்கை சாம்பல் நிறக் குழாய். உச்சியில் மழை விழாமல் கவிழ்த்து வைத்த வளைவு. அழகு என்று சொல்ல மாட்டேன். வீட்டு மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயை வண்டியில் மறந்துவிட்ட மாதிரி இருந்தது. என் பெட்டியைத் திறந்தோம். கருகருவென்று பளபளக்கும் என் ஸ்னார்க்கலைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல்.

ஓட்டை போடும் நேரம் வந்தது. பெட்டியில் இருந்த காகித அச்சைத் தகட்டில் ஒட்டிக் குறிக்க வேண்டும். நான் வெளியே போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாலதிதான் அச்சைப் பிடித்துக் குறித்துக் கொடுத்தாள். துளைப்பான் கத்தியது. திரும்பிப் பார்த்தபோது, வெட்டிய வட்டத் தகட்டைச் சகாயம் என் கையில் வைத்தார். பிரசவ வார்டு வாசலில் நின்ற நாளுக்குப் பிறகு எனக்கு இப்படிக் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் போனது இதுதான் முதல் முறை.

ஒன்றரை மணிக்கு ஸ்னார்க்கல் கம்பீரமாக நின்றது. அதை உள்ளே இணைக்கப் பெட்டியோடு வந்த ரப்பர் வளைவு மட்டும் காற்று வடிகட்டியோடு சரியாகச் சேரவில்லை. அது இன்னும் புதிய மாடல் ஜீப்புக்கு அளவெடுத்தது போலிருந்தது. அமுக்கி, கிளாம்ப் போட்டு முறுக்கினோம். சகாயம் இன்ஜினை ஓடவிட்டார். ஒரு நாற்காலியில் ஏறி, ஸ்னார்க்கலின் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடினார். இன்ஜின் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், சீராக ஓடிக்கொண்டே இருந்தது.

"பிரமாதம்! நிக்கவே இல்ல பாத்தீங்களா!" என்று நான் கைதட்டினேன்.

சகாயத்தின் முகம் தொங்கியது. மாலதி என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"ஏனுங்க, மூக்கப் பொத்தியும் மூச்சு விடுதுன்னா, வேற எங்கியோ ஓட்ட இருக்குதுன்னுதானே அர்த்தம்?"

"அக்கா சொல்றதுதானுங்க," என்றார் சகாயம். "வாயப் பொத்துனா வண்டி செத்துப்போகோணுமுங்ண்ணா. சாகலீன்னா, கீழ எங்கியோ காத்தக் குடிக்குது. காத்து போற வழியில தண்ணியும் போகுமுங்க."

இதுதான் இங்கே சோதனை. மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் யாரும் தும்பிக்கையின் விலையைக் கேட்பதில்லை, 'பொத்துனா நிக்குதா?' என்றுதான் கேட்பார்களாம். நான் கைதட்டியது அன்று மாலைக்குள் கொட்டச்சேடு முழுக்கப் பரவிவிட்டது.

சகாயம் ஒரு கொசுவத்திச் சுருளைப் பற்றவைத்து, ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிக்கொண்டு போனார். மேலே புகை நேராக எழும்பியது. ரப்பர் வளைவின் அருகே வந்ததும் சட்டென்று வளைந்து உள்ளே போனது. வடிகட்டிப் பெட்டியின் அடியிலும் ஒரு சின்னத் துவாரம் புகையைக் குடித்தது. தூசியும் ஈரமும் வடிய வைத்த துவாரம். ஓடையில் முதலில் முங்குவது அதுதான். பதினோராயிரத்து எண்ணூறு ரூபாய்ச் சாமானோடு வந்த புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அப்புறம்தான் நாலடிக் குழாய்க்கு வேலை வந்தது. ஒரு முழம் வெட்டி, உள்ளே மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு பக்கமும் துணியால் அடைத்தார். அடுப்புத் தணலுக்கு மேலே மெதுவாகச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். மணல் இருப்பதால் குழாய் நசுங்காமல் வளைந்தது. வளைத்த இடத்தில் ஈரச் சாக்கைச் சுற்றினார். ரப்பர் வளைவைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக இதைச் சூடான இன்ஜினைத் தொடாதபடி பார்த்துப் பொருத்தி, இரண்டு முனையிலும் டிராக்டர் ரேடியேட்டர் ரப்பர் குழாயைச் செருகிக் கிளாம்ப் போட்டார். அடித் துவாரத்தை லாரி டியூப் துண்டு வைத்து அடைத்தார்.

நாலரை மணிக்கு மறுபடி சோதனை. உள்ளங்கை வாயில் பட்டதும் இன்ஜின் விக்கியது, இருமியது, நின்றுவிட்டது. கொட்டகை அமைதியானது. மூன்று பேரும் ஒருசேரக் கைதட்டினோம். சொந்த வண்டி செத்ததற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

"இப்பச் சொல்லுங்க, வாங்கறதா செய்யறதா?" என்று கேட்டேன்.

"மேல இருக்கறது வாங்கினது நல்லதுங்ண்ணா. என்ற பைப்பு வெயில்ல நாள்பட வெடிக்கும், மாத்தோணும். உங்களுது வெடிக்காது. ஆனா அதச் செஞ்சவிய உங்க வண்டியப் பாத்ததில்ல. கீழ இருக்கறத, வண்டியப் பாத்தவன்தான் செய்யோணும்."

ஏரிக்குப் பக்கத்தில் ஆயிரத்து நானூறு ரூபாய் அறை. இரவெல்லாம் கூரையில் மழை. எனக்கு அது பாட்டுக் கச்சேரியாக இருந்தது. தண்ணீர் நிறைய வரட்டும் என்று வேண்டிக்கொண்டு தூங்கிய ஒரே சுற்றுலாப் பயணி நானாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஓடைக்கரை. சகாயம் தன் ஜீப்பில் முன்னால் போய் நிறுத்தியிருந்தார். கல் பாவிய தரைப்பாலம் மேல் செம்மண் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. அக்கரையில், குடை பிடித்த ஃபிலோமினா கையாட்டினாள். சகாயம் லுங்கியைத் தூக்கிக் கட்டி, ஒரு காபிக் கம்பை ஊன்றியபடி தண்ணீரில் இறங்கினார். பத்தடி போனதும் தொடை வரை வந்தது. நின்றார். கம்பு நடுங்கியது. திரும்பி வந்து, தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்தார்.

"ரெண்டு மணி நேரம் பொறுங்ண்ணா. நொம்ப இழுக்குது."

"அதுக்குத்தானே தும்பிக்கை வச்சோம்?"

"தும்பிக்க மூச்சு விடுமுங்க. வண்டியே மெதந்துச்சுன்னா தும்பிக்க என்னங்க பண்ணும்?"

என் மண்டையில் ஏறவில்லை. ஒரு வருடமாகக் காத்திருந்த தண்ணீர் கண்முன்னே ஓடுகிறது. பொத்தினால் நிற்கிற வண்டி என்னிடம் இருக்கிறது. ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினேன். அப்போது மாலதி தன் பக்கத்துக் கதவைத் திறந்து, கைப்பையோடு கீழே இறங்கினாள்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கியே நிக்கறேன்."

"ஏன், இன்னும் நம்பிக்கை வரலியா? நேத்து நீயேதானே பாத்த?"

"வண்டி மேல நம்பிக்க இருக்குதுங்க." அவள் குரல் உயரவில்லை. "போன வருசம் தண்ணி கதவுக்குள்ள பூந்து என்ற மடி வரைக்கும் வந்துச்சு. நீங்க என்ன கேட்டீங்க தெரியுமா? 'ஐயோ, இன்ஜின் போயிருச்சா'ன்னு கேட்டீங்க. ரெண்டு மாசம் கழிச்சுக்கூட வேற ஒண்ணும் கேக்கல."

சகாயம் தன் வண்டிச் சக்கரத்தில் ஏதோ இருப்பது போல அந்தப் பக்கம் போய்விட்டார். நான் இன்ஜினை நிறுத்தினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வருடம் முழுக்க ஜீப்பை எப்படிக் காப்பாற்றுவது என்றே யோசித்திருக்கிறேன். அதை ஏன் விற்கச் சொன்னாள் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

"தப்புதான், மாலதி," என்றேன். "நான் இறங்கிப் பாத்திருக்கணும். உன்னைக் கேட்டிருக்கணும். பயந்துட்டயா அன்னிக்கு?"

"செத்துருவேன்னே நெனச்சேன்," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். பாறையில் உட்கார்ந்து, ஃபிலோமினாவுக்குக் கொண்டுவந்த முறுக்கை மூன்று பேரும் பிரித்துத் தின்றோம். அக்கரையிலிருந்து ஃபிலோமினா ஆட்சேபித்துக் கத்தியது ஓடைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

பன்னிரண்டே காலுக்குச் சகாயம் வைத்த கல்லிலிருந்து தண்ணீர் நாலடி தள்ளி உள்வாங்கியிருந்தது. அவர் மறுபடி நடந்து பார்த்தார். இந்த முறை நானும் கூடவே நடந்தேன். முழங்காலுக்குக் கீழேதான். முதல் கியரில், நிற்காமல், அலை எழுப்பாமல் கடந்தோம். சக்கரத்தில் பாதி நனைந்தது. தும்பிக்கைக்கு ஒரு வேலையும் இல்லை. ஃபிலோமினா வீட்டில் ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு, மலை ஆரஞ்சு. கோழி ஒரு வருடம் காத்திருந்த அளவுக்கு முற்றலாக இருந்தது, ஆனால் குழம்புக்கு ஈடில்லை.

ஞாயிறு மதியம் இறங்கினோம். அடிவாரத்தில் குளிர் விட்டது. சங்ககிரி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மலையில் தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. எங்கள் ஊரில் ரயில்வே பாலத்துக்கடியில் சேர்ந்தால் இரண்டு நாள் அங்கேயே குடியிருக்கும். வீட்டுக்குப் போகும் வழியில் அதுதான் நடந்தது. மாலை ஐந்தேகால்; பாலத்துக்கடியில் கறுப்புத் தண்ணீர். வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, பேன்ட்டை மடித்து இறங்கினேன். பின்னால் ஹாரன்கள் அலறின. முட்டியைத் தாண்டி இடுப்புக்கு ஏறியதும் நின்றேன்.

"இடுப்பு வரைக்கும் இருக்குது!" என்று திரும்பிக் கத்தினேன்.

மாலதி ஓட்டுநர் இருக்கைக்கு மாறியிருந்தாள். வீட்டில் காரை அவள்தான் ஓட்டுவாள், ஜீப்பை இதுவரை தொட்டதில்லை. தலையை வெளியே நீட்டிப் பின்னால் நின்ற கார்களை ஒதுங்கச் சொல்லிக்கொண்டே ரிவர்ஸ் கியரைப் போட்டாள். கியர் கிறீச்சென்ற சத்தத்தோடு விழுந்தது.

"ஏறுங்க, சுத்திப் போலாம். கிளட்ச்சு இத்தன கெட்டியா இருக்குதே, இத எப்படித்தான் இருவத்திரண்டு வருசம் மிதிச்சீங்க? வர மழைக்குள்ள சரிபண்ணுங்க, ஃபிலோமினா ஊட்டுக்கு நான்தான் ஓட்டுவேன்."

நான் சொட்டச் சொட்ட நடந்து போய் இடது பக்கம் ஏறினேன். இத்தனை வருடத்தில், மாலதி உட்காரும் அந்த இருக்கையில் நான் உட்கார்ந்ததே இல்லை. கதவு தாழ்வு. ஸ்டியரிங் இல்லாததால் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. அங்கிருந்து பார்க்கும்போது தண்ணீர் ரொம்பப் பக்கத்தில் இருந்தது.