கௌதள்ளியில் திறந்த பக்கம்

எங்கள் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய பேட்டரி வண்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் போட்டிக்காக. நான் அப்போது கணினிப் பிரிவில் மூன்றாம் வருடம். வண்டிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் மோட்டாரும் டயரும் தருவதாகச் சொன்ன கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவரும் "உங்க டீமுக்கு வெப்சைட் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்ததும் கேப்டன் என்னைத் தேடி வந்தான்.

என்னோடு சேர்த்துவிடப்பட்டவன் மெக்கானிக்கல் பிரிவு. மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியிலுள்ள கௌதள்ளிக்காரன். அவனுடைய அப்பா அங்கே மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் போட்டு, கறவை மாடு வைத்துப் பிழைப்பவர். வெல்டிங் செய்யும்போது அவனுக்கு வலது கை வெந்துபோய்க் கட்டுப் போட்டிருந்தது. பட்டறையில் சும்மா நிற்கிறவனை வெப்சைட்டுக்கு அனுப்பலாம் என்று கேப்டன் நினைத்திருக்க வேண்டும். டீமில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். அதிலும் என் தமிழ், கன்னடம் பேசுகிற விஜயநகரில் வீட்டுக்குள் மட்டும் பேசி வளர்ந்த தமிழ். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவே பாதி வாக்கியத்தைக் கன்னடத்தில்தான் முடிப்பார். நான் "ஸ்வல்ப இரு" என்றால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். "அதென்ன ஸ்வல்ப? செத்த இருன்னு சொல்லு" என்பான்.

பக்கங்களை எழுதுவது எனக்குப் பெரிய வேலையாக இல்லை. அவற்றை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். ஒரு வெப்சைட் எல்லோருக்கும் தெரிய வேண்டுமென்றால் அது எப்போதும் அணையாத ஒரு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அப்படி இடம் கொடுப்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. சிலர் இலவசமாகத் தருவார்கள், பதிலுக்கு விளம்பரம் போடுவார்கள். சிலர் முதல் வருடம் மலிவாகக் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் ஏற்றிவிடுவார்கள். நான் அதையெல்லாம் படித்து வைத்துக்கொண்டு அக்ரஹாரம் பகுதியில் அவன் வாடகைக்கு இருந்த அறைக்குக் கீழே இருந்த ஓட்டலில் உட்கார்ந்தேன். ஒரே காப்பியை இரண்டாகப் பிரித்துத் தரும்படி பை-டூ சொல்லிவிட்டு ஒவ்வொரு கம்பெனியாக விளக்கினேன். எவ்வளவு இடம் கிடைக்கும், பழுதானால் யார் பார்ப்பார்கள், பேக்கப் எடுப்பார்களா என்று.

அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான்.

"எங்கூர்ல தெறக்குமா?"

நான் சிரித்தேன். ஸ்பான்சர்கள் எல்லாம் பெங்களூரில் இருக்கிறார்கள், உங்கள் ஊரில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"எங்கப்பா பாக்கோணும். நான் காரு செய்யறேன்னு சொன்னா, எந்தக் கேரேஜுல வேலைக்குச் சேந்துட்டேன்னு கேக்குறாரு. படிக்கறதுல இதெல்லாம் உண்டான்னு அவருக்குப் புரிய மாட்டேங்குது. கண்ணுல காட்டிட்டா நம்பிக்குவாரு."

அப்படித்தான் அந்தச் சோதனை தொடங்கியது. ஒரே ஒரு புகைப்படமும் நான்கு வரியும் உள்ள பக்கத்தை ஒவ்வொரு கம்பெனியிலும் தற்காலிகமாக ஏற்றினேன். புகைப்படத்தில் முழு டீமும் வண்டியைச் சுற்றி நின்றது. வண்டிக்குள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். டீமிலேயே எடை குறைந்தவன் என்பதால் ஓட்டுகிற வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. பக்கத்தின் இணைப்பை அப்பாவுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிடுவான். அவர்கள் வீட்டில் சிக்னல் நிற்காது. அப்பா பால் சொசைட்டிக்கு எதிரே போய் நின்றுகொள்வார். அவரிடம் இருந்தது யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற பழைய போன். பேசுவதைத் துண்டித்துவிட்டு அந்த இணைப்பைத் தொட வேண்டும், பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட வேண்டும்.

முதலில் இலவசக் கம்பெனி. அவர் திரும்பக் கூப்பிட்டார். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏதோ முட்டி வலித் தைலம் வருதுப்பா. நீ தைலமா விக்கறே?"

அடுத்தது ஏதோ வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த மலிவுக் கம்பெனி.

"சுத்திக்கிட்டே இருக்குது சாமி. வெள்ளையா இருக்குது. ஒண்ணுமே காணோம்."

"இன்னும் கொஞ்சம் இருங்கப்பா."

"பால் ஊத்திட்டே வந்துட்டேன், அப்பவும் சுத்துது."

படத்தைச் சுருக்கினேன். எழுத்துருவை மாற்றினேன். மும்பையில் இடம் வைத்திருந்த ஒரு கம்பெனியைப் பிடித்து, அசையும் அலங்காரம் எதுவும் இல்லாமல் பக்கத்தை வெறும் எழுத்தும் படமுமாக ஆக்கினேன். அன்றைக்கு மழை வருகிற மாதிரி இருந்தது. ரொம்ப நேரமாகியும் அவர் திரும்பக் கூப்பிடவில்லை. நாங்கள் ஓட்டலை விட்டு எழுந்து வெளியே வந்தபோது அவன் போன் அடித்தது. அப்பாவின் குரலுக்குப் பின்னால் பால் கேன்களின் சத்தமும் வேறு ஆட்கள் பேசுகிற சத்தமும் கேட்டன.

"வந்துருச்சு. தொட்டதும் வந்துருச்சுப்பா. உள்ள உக்காந்திருக்கறது நீதான?"

"நாந்தாங்ப்பா."

"நீயா ஓட்டுவே?"

"ஆமாங்."

பிறகு அவர் யாரிடமோ, "பாருங்க, எம்பையன்" என்று சொன்னது தூரத்தில் கேட்டது. அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான். அந்தக் கம்பெனியையே எடுத்துக்கொண்டோம். பக்கம் மொட்டையாக இருக்கிறது, மற்ற கல்லூரி டீம்களின் சைட்டில் வண்டியின் படம் சுழல்கிறது என்று கேப்டன் முகத்தைச் சுளித்தான். ஆனால் வேறு யாரும் அந்த வேலையை எடுத்துச் செய்யத் தயாராக இல்லாததால் அப்படியே விட்டுவிட்டான். பக்கத்தின் அடியில் ஏதாவது தொடர்புக்கென்று என் போன் எண்ணைப் போட்டேன்.

போட்டியில் வண்டி ஓடவே இல்லை. ஓட்டுவதற்கு முன் பிரேக்கைச் சோதிப்பார்கள். மிதித்ததும் எல்லாச் சக்கரமும் ஒன்றாக நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் பின்சக்கரம் ஒன்று உருண்டுகொண்டே இருந்தது. திரும்பத் திரும்பச் சரிசெய்து கொண்டுபோனார்கள். கடைசியில் நடுவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த டீமைக் கூப்பிட்டார். அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனபோதும் அவன் இறங்கவில்லை.

அந்தப் பருவம் முழுக்கப் பட்டறையிலேயே கிடந்ததில் அவனுக்கு நிறையப் பாடங்கள் தேர்ச்சி ஆகாமல் தங்கிவிட்டன. அடுத்த வருடத்துக்குப் போக முடியவில்லை. இயர் பேக் என்பார்கள். நாங்கள் இறுதி வருடத்துக்குப் போனோம், அவன் அங்கேயே நின்றான். முதலில் ஜூனியர்களோடு வகுப்பில் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. எனக்கு வேலைத் தேர்வுகள், ப்ராஜெக்ட். வெப்சைட்டின் பாஸ்வேர்டை ஜூனியர் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டேன். அவ்வப்போது புது டீமின் செய்திகளை அவள் சேர்ப்பாள். முதல் பக்கத்துப் படத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. அதைவிட நல்ல படம் அவர்களிடம் இல்லை.

ஒரு மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மிணி, நான் கௌதள்ளியிலிருந்து பேசறேனுங்க. நம்ம பையனோட அப்பா."

அவர் குரல் உடனே அடையாளம் தெரிந்தது. பக்கத்தின் அடியிலிருந்த எண்ணை முன்பே குறித்து வைத்திருந்தாராம்.

"அந்தப் பக்கம் இப்பத் தெறக்க மாட்டேங்குதுங்க. பழையபடி சுத்துது. பையன் போன எடுக்க மாட்டேங்குறான். பரீட்சை நேரமா இருக்கும்னு நெனச்சேன்."

அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அந்த ஜூனியர் பெண்ணிடம் கேட்டபோதுதான் எனக்கும் விஷயம் தெரிய வந்தது. எல்லா மாணவர் டீம்களின் வெப்சைட்டும் கல்லூரியின் சொந்த சர்வருக்கு வர வேண்டும் என்று புதிதாக வந்த ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஜூனியர்கள் பழைய கம்பெனியை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதில் வண்டி சுழன்றது. படங்களும் மாறியிருந்தன.

"சைட்ட மாத்திட்டாங்க அங்கிள். அதான் லேட்டா வருது."

"அப்படிங்களா. பையன் படம் இருக்குதுங்களா அதுல?"

இல்லை என்றேன். இப்போது இருக்கிற டீமின் படம் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர் குரல் மாறியது.

"இப்ப இருக்கற டீமுன்னா? இவன் இல்லீங்களா அதுல?"

அவருக்கு எதுவும் தெரியாது என்பது எனக்கு அந்த நொடியில் உறைத்தது. அந்தப் பக்கம் மாறாமல் இருந்தவரை மகன் அதே இடத்தில் இருப்பதாகவே அவர் நினைத்திருந்தார். புதுச் செய்தி சேரும்போதெல்லாம் அதைச் சேர்ப்பவன் அவன்தான் என்றும் நினைத்திருந்தார். "நான் அவன்கிட்டச் சொல்லிப் பேசச் சொல்றேன் அங்கிள்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அக்ரஹாரத்துக்குப் போனேன். அவன் அதே அறையில்தான் இருந்தான். சாப்பாடு கொண்டுபோகிற கம்பெனியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் டயருக்குக் காற்று போதுமா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் சொல்லவில்லையா என்றேன். டயரை விட்டு நிமிராமலே பேசினான்.

"பாக்கிப் பாடத்த எழுதி முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்னு பாத்தேன். அப்பறம் எழுதவே போகல." கொஞ்சம் பொறுத்து, "பழைய பக்கத்தத் திரும்பப் போட முடியுமா? நீ நெனச்சா முடியும். கொஞ்ச நாளைக்குப் போதும்" என்றான்.

"அந்த அட்ரஸ் இப்ப காலேஜ் கையில இருக்கு."

"வேற அட்ரஸ்ல போடு. நான் லிங்க் அனுப்பிச்சுக்கறேன்."

"நீ அவர்கிட்டப் பேசு. அதுக்கு சைட் எதுக்கு?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமாக இல்லை. களைத்துப்போன முகம். போனில் ஏதோ ஆர்டர் வந்த சத்தம் கேட்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் அப்பாவிடம் பேசவில்லை. அப்பாவே கிளம்பி வந்துவிட்டார். கல்லூரி வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டார். சலவைச் சட்டை போட்டிருந்தார். நான் மனதில் நினைத்து வைத்திருந்ததைவிடக் குட்டையான, ஒல்லியான மனிதர். அவன் அறைக்குப் போக ஆட்டோவில் ஏறியதும் கேட்டார்.

"அவன் இங்க வர்றதில்லீங்களா அம்மிணி?"

"அவனே சொல்லட்டும் அங்கிள்."

தலையை அசைத்தார். அதற்குப் பிறகு அக்ரஹாரம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தார்.

அறைக் கதவு திறந்திருந்தது. அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றப் போனவன் பாதியில் கையை இறக்கினான். கட்டில் மேல் பெரிய சதுரப் பை ஒன்று இருந்தது. அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இதென்ன சாமி, இத்தன பெருசு?"

"சாப்பாடு கொண்டுபோற பைங்ப்பா."

"யாருக்கு?"

"கேக்கறவங்களுக்கு."

கட்டிலின் ஓரத்தில், பை நகராதபடி பார்த்து அவர் உட்கார்ந்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். அவன் சொன்னான். பரீட்சையைப் பற்றிக் கேட்டார். அதையும் சொன்னான். மறைக்கவில்லை. குரலை உயர்த்தாமல், வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தான்.

"அப்ப அந்தப் படம்?"

"அது அப்ப எடுத்ததுங்ப்பா. நெசந்தான். நாந்தான் உள்ள உக்காந்திருந்தேன்."

அப்பா தன் போனை எடுத்தார். எதையோ திறக்கப் போகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தார்.

"சொசைட்டியில எல்லாத்துக்கும் காட்டிட்டேனேடா" என்றார்.

அவன் சுவரோடு சாய்ந்து நின்றான். நான் அங்கே நிற்கக் கூடாது என்று தோன்றியது. சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி வந்துவிட்டேன். வழக்கம்போல் தெருக்கோடியில் என் ஸ்கூட்டரை நிறுத்தவில்லை, ஆட்டோவில் வந்திருக்கிறேன் என்பதே கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் பழைய பக்கத்தின் கோப்புகளை என் லேப்டாப்பில் தேடி எடுத்தேன். எல்லாம் பத்திரமாக இருந்தன. மறுபடி ஏற்றி வைக்கலாம் என்று பழைய கம்பெனியின் தளத்துக்குப் போய், எந்தத் திட்டம் வேண்டும் என்று அது கேட்கிற இடம் வரை வந்தேன். அதற்கு மேல் கை போகவில்லை. இனி அதைத் திறந்து பார்ப்பதால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை. மூடிவிட்டேன்.

அவனை நான் கடைசியாகப் பார்த்தது எங்கள் ஊர் சபர்பன் பஸ் ஸ்டாண்டில். எனக்கு வேலை கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாதேஸ்வரன் மலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். உடம்பு போட்டிருந்தான். அவன் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஹனூரில் பம்ப் செட் கடையில் இருப்பதாகச் சொன்னான். டீம் இன்னும் இருக்கிறதா என்று அவன்தான் கேட்டான். நின்றுபோய்விட்டது என்றேன்.

"அப்பா எப்படி இருக்காங்க?"

"இருக்காரு. சொசைட்டிக்கு இப்ப நாந்தான் பால் ஊத்தப் போறேன். அவரு போறதில்ல."

"உடம்பு முடியலையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்காரு" என்றான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டம் முண்டியடித்தது. அவன் முன்பக்கப் படியில் ஏறி உள்ளே போனான். எந்தப் பக்கம் உட்கார்ந்தான் என்று எனக்குத் தெரியவில்லை.