பொறுக்கப்படாத காவோலை

வுப்பர்டாலில் அண்ணையின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்ததும், எங்கள் காணியின் வீடியோவைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார். வன்னியில் அப்பா விட்டுப்போன பனங்காணி அது. இங்கேயே ஜெர்மனியில் இருக்கும் ஒருவர் வாங்கக் கேட்டிருக்கிறாராம். மண்டிக் கிடக்கும் பத்தையை வெட்டிக் காட்டினால் கிரய எழுத்தை முடிக்கலாம் என்றாராம். அண்ணைக்கு வாயெல்லாம் பல்.

வீடியோவை எடுத்து அனுப்பியவன் காணியைப் பார்த்துக்கொள்ளும் கூலிக்காரன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். என்னை அக்கா என்பான், நான் தம்பி என்பேன். காணிக்கு வெளியே ஒழுங்கையில் நின்றபடியே எடுத்திருந்தான். வேலியைத் தாண்டி ஓர் அடிகூட வைக்கவில்லை. மரங்களுக்குக் கீழே காய்ந்து விழுந்த காவோலை குவிந்து கிடந்தது.

அந்த ஊரில் விறகுக்கு என்ன பாடு என்று எனக்குத் தெரியும். சண்டை முடிந்து திரும்பிப் போனபோது நானும் விடியமுன் எழும்பி ஓலை பொறுக்கியவள்தான். எங்கே ஓலை பொறுக்காமல் கிடக்கிறதோ, எங்கே மாட்டுத்தடமும் இல்லையோ, அங்கே கால் வைக்காதே என்று முகாமில் படம் காட்டிச் சொல்லித் தந்தார்கள். அண்ணை அதற்கெல்லாம் வெகு முன்னமே இங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

"அண்ணை, அதை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. வேலியில இருந்த மிதிவெடி எச்சரிக்கைப் பலகை எங்க?"

"வீடியோவில வடிவில்லை எண்டு கழட்டச் சொன்னனான்."

ஏதோ கொடியில் காய்ந்த சாரத்தை எடுக்கச் சொன்னவர் போலச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் வெடி எடுத்து முடியாத காணியிலயோ பத்தை வெட்டப்போறியள்?"

"நாங்களே வெட்டப்போறம்? அவன் கூலிக்கு வெட்டுவான். அங்கயே இருக்கிறவன், அவனுக்குத் தெரியாததே?"

இதே மனிதர்தான், இவருடைய தெருவில் குழி தோண்டும்போது இரண்டாம் உலகப்போர்க் காலக் குண்டு ஒன்று அகப்பட்டு எல்லோரையும் வெளியேற்றியபோது, என் வீட்டில் வந்து படுத்திருந்து இந்த நாட்டைப் புகழ்ந்து தள்ளியவர். மனிச உயிருக்கு என்ன மதிப்புக் குடுக்கிறாங்கள் பார் என்று எனக்குப் பாடம் எடுத்தார். அதைச் சொல்லிக் காட்டினேன். "அதையும் இதையும் முடிச்சுப் போடாதே" என்று தொலைக்காட்சியை நிற்பாட்டினார். தேத்தண்ணி குடிக்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த நாள், நான் வேலை செய்யும் வயோதிபர் இல்லத்தில் இடைவேளைக்குள் தம்பிக்கு அழைத்தேன். கத்தி தீட்டிவிட்டானாம். புதன்கிழமை தொடங்குகிறானாம்.

"வெடி இருக்கெண்டு தெரியாதோ உனக்கு?"

"தெரியும் அக்கா. பாத்துப் பாத்துத்தான் வெட்டுவன். மழைக்குப் பிறகு எனக்கு வேறை வேலை ஒண்டும் அம்பிடேல்லை."

"வேண்டாமடா, விடு."

"ஏலாது அக்கா. அண்ணைக்குச் சொல்லிப்போட்டன்."

மிதிவெடி அகற்றுபவர்களின் அலுவலக இலக்கத்தை ஊரில் இருக்கும் பழைய சிநேகிதியிடம் கேட்டு வாங்கி அழைத்தேன். ஒழுங்கை, கிணறு, எங்கள் அப்பாவின் பெயர், எல்லாம் சொன்னேன். பலகையைக் கழற்றச் சொன்னது யார் என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். சொந்த அண்ணையைக் காட்டிக் கொடுக்கிறோமே என்று தயங்கவில்லை. தயங்கியிருந்தால் என்னையே எனக்குப் பிடிக்காமல் போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமையே போய்ப் புதுப் பலகை நட்டு, வேலியோரம் சிவப்புக் கட்டைகள் அடித்துவிட்டார்களாம். அந்தக் காணி அவர்கள் துப்பரவாக்கி முடிக்காததுதானாம். எப்போது முறை வரும் என்று தெரியாதாம். வாங்க இருந்தவர் விலகிக்கொண்டார். அண்ணை என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார்.

புதன்கிழமை காலையில் தம்பியே அழைத்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன், மடைச்சி.

"வந்த வேலையையும் கெடுத்துப்போட்டியள் அக்கா. உங்களுக்கென்ன, அங்க சம்பளம் வரும். என்ரை பிள்ளையளுக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது?"

"இப்ப எங்கயடா நிக்கிறாய்?" என்று மட்டும் கேட்டேன்.

"வீட்டுவாசல்லதான். வேறையெங்க போறது?" என்று கத்திவிட்டுத் தொலைபேசியை வைத்தான்.