சீட்டுக்கு அளவெடுத்த நாள்

எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் ஆண்களுக்குக் காது கேட்காது. என் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்தில் மெக்கானிக் பட்டறை. நான் திண்டிவனத்தில் லோடு வண்டி ஓட்டுகிறேன். சீசனில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை, மற்ற நாட்களில் சிமெண்ட், மாட்டுத் தீவனம், கல்யாண வீட்டுப் பாத்திரம், எது கிடைத்தாலும் சரி. பின்னால் பாரம் இல்லாமல், கண்ணாடியில் மூட்டை தெரியாமல், மிதிக்கிற மிதிக்கு வண்டி பாய, ஒரே ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரிய ஆசையா இது?

திண்டிவனத்துக்கு வெளியே பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற ஓர் இடத்தில், கார் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து ரேலிகிராஸ் என்று ஒரு கார் பந்தயம் நடத்துகிறார்கள். பாதிச் சுற்று பிளாட்டுக்குப் போட்ட தார் ரோடு, மீதி செம்மண். நாலைந்து வண்டிகள் ஒன்றாகக் கிளம்பும், முதலில் வருகிறவருக்குக் கப். போன வருடம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பும்போது என் வீட்டுக்காரரேதான் சொன்னார், "நீ ஓட்டுமே. வண்டிய நான் ரெடி பண்ணித் தர்றேன்." எனக்குத் தலைகால் புரியவில்லை.

பட்டறையில் யாரோ விட்டுப்போன பழைய சின்னக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டோம். எதை மாற்றுவது என்பதில் அன்றைக்கே சண்டை.

"சஸ்பென்ஷன்தாங்க மொதல்ல. தார்லேர்ந்து மண்ணுல எறங்கற எடத்துலதான் எல்லாரும் சறுக்கறாங்க. நல்ல ஸ்பிரிங்கு, மண்ணப் புடிக்கிற டயரு, அது போதும். எஞ்சின் இருக்கறதே இருக்கட்டும்" என்றேன்.

"இன்னாமே பேசற? இந்த எஞ்சின வச்சிக்கினு மாவுதான் அரைக்கலாம்."

அவ்வளவுதான். விபத்தில் நொறுங்கி வந்த ஒரு பெரிய காரின் எஞ்சின் இதற்குள் ஏறியது. மூக்குப் பக்கம் கனத்துப்போனது. அந்த இழுவைக்குப் பழைய கிளட்ச் தாங்காது என்று கெட்டியான ஸ்பிரிங் வைத்த கிளட்ச்சையும் மாட்டினார். மிதித்துப் பார்த்தேன், தொடை வரைக்கும் வலித்தது. ஆனாலும் காரிலிருந்த பழைய சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் அடிவரை மிதிக்க முடிந்தது. அதைச் சொன்னேன். "அதுக்கின்னா, ரேஸ் சீட்ட முன்னாடி போட்டுட்டாப் போச்சு" என்றார். ரேஸ் சீட்டு மற்ற காரில் இருப்பதைப்போல முன்னும் பின்னும் நகராது. இரும்புச் சட்டம் வைத்து ஓர் இடத்தில் வெல்டிங் அடித்துவிடுவார்கள். பிறகு அது அங்கேதான்.

போட்டிக்கு முன்னால் வந்த பௌர்ணமிக்குத் திருவக்கரை கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் பூஜை போடுவதென்று மாமியார் முடிவு செய்தார். அன்று காலை நல்ல நேரத்தில் சீட்டை வெல்டிங் அடித்து, அப்படியே கிளம்புவதாக ஏற்பாடு. வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. வெல்டிங்காரரும் வந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து நான் வீட்டுக்குத் தூரம்.

"சாமிகிட்ட போற வண்டி. நீ தொடாத, அப்பால போய் நில்லு" என்றார் மாமியார்.

நான் ஓட்டுகிற லோடு வண்டிக்கு மட்டும் இந்தத் தீட்டெல்லாம் கிடையாது. மாதம் முழுக்க மூட்டை ஏற்றலாம், இறக்கலாம், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரு ஓரத்து வேப்பமரத்தடியில் நின்று கத்தினேன்.

"ஏங்க, என் அளவு பாக்கணும்ங்க! நாளைக்கி அடிச்சிக்கலாம்!"

"உன் அளவு எனக்குத் தெரியாதா? நேரம் போய்க்கினு இருக்கு, பேஜாரு பண்ணாத" என்று சொல்லிவிட்டு அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டி மடக்கிக் கிளட்ச்சை மிதித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் பின்னால், இன்னும் கொஞ்சம் பின்னால் என்று சொல்லிச் சொல்லி நகர்த்தினார். சாக்பீஸில் கோடு போட்டார்கள், அடித்தார்கள். தீப்பொறி தெறித்ததை நான் எட்ட நின்று பார்த்தேன்.

எனக்குத் தலைக்கு ஊற்றிய அன்றே போட்டி. அதுவரை வண்டியைத் தொடவிடாததால், சீட்டை வெல்டிங் அடித்த பிறகு மைதானத்தில்தான் முதன்முதலாக அதற்குள் உட்கார்ந்தேன். ஹெல்மெட் போட்டு, பெல்ட் மாட்டி, காலை நீட்டினேன். பெருவிரல் நுனி மட்டும் கிளட்ச்சைத் தொட்டது. எட்டி உந்தினாலும் பாதிக்கு மேல் இறங்கவில்லை, கியர் கரகரவென்று கத்தியது. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தோம். வண்டிகளைச் சோதிக்க வந்தவர் பார்த்துவிட்டார்.

"தலகாணி கூடாதும்மா. பெல்ட்டு லூசாயிடும். வண்டி உருண்டா உங்க உயிருக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பொட்டலில் வெட்டி ஒட்ட மிஷின் இல்லை, கரண்டும் இல்லை. என் வீட்டுக்காரர் சீட்டையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார், "சரி வுடு. வந்தது வந்துட்டோம், இந்த ஒரு தடவ நான் ஓட்டிடறேன்." ஹெல்மெட் அவர் தலைக்குச் சின்னது. அமுக்கிப் போட்டுக்கொண்டார்.

மண்ணில் இறங்குகிற இடத்தில் நான் சொன்னது போலவே வண்டியின் மூக்கு பாதையை விட்டு வெளியே இழுத்துக்கொண்டு போனது. சறுக்கட்டும், எங்கேயாவது போய் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கட்டின புருஷனுக்கு எதிராக இப்படி வேண்டுகிறோமே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் தார் ரோட்டுக்கு வந்ததும் அந்த எஞ்சின் எல்லோரையும் பின்னால் தள்ளிவிட்டது. ஜெயித்துவிட்டார். கப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "எல்லாம் இவளாலதான்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். அழுதிருந்தால் ஆனந்தக் கண்ணீர் என்றிருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவர் பேச்செல்லாம் அந்த வண்டிதான். முகையூர்ப் பக்கம் தீவனம் இறக்கிவிட்டு உடம்பெல்லாம் தவிட்டோடு வந்து நிற்பேன், அவர் அடுத்த போட்டிக்கு என்ன டயர் போடலாம் என்று கேட்பார். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"அந்தச் சீட்ட வெட்டி முன்னாடி போடுங்க. அடுத்த தடவ நான் ஓட்டறேன்."

அவர் துணியால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை, கிண்டலும் செய்யவில்லை. நான் என்னவோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜெயிச்ச வண்டிய எவனாச்சும் வெட்டுவானா?" என்றார்.