வீட்டு இணைப்புக்கு நான் வைத்த பெயர்

போரின் கடைசி வருடங்களில் திருகோணமலை உட்துறைமுகத்துக்கு மேலே ஒடுங்கிய சந்து போன்ற ஓர் ஒழுங்கையில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் விண்ணப்பங்களைச் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றி மின்னஞ்சலில் அனுப்புவேன். கணினி இறுகி நின்றுவிட்டால் அணைத்துவிட்டுத் திரும்பப் போடவேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், அலுவலகத்தில் என்னை நிபுணர் என்று நம்பினார்கள். அவர்கள் நம்பியதில் பிழையில்லை. நானும் நம்பியதுதான் பிழை.

தொலைபேசி மூலையிலிருந்து மேசைவரை ஓடிய இணைய வயரில் மனைவி இரண்டு தடவை தடக்குப்பட்டு விழப் பார்த்தாள். அதனால் கொழும்புக்குப் போனபோது வயர் இல்லாமல் வேலை செய்யும் ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். பொருத்தும்போது அது பாஸ்வேர்ட் கேட்டது. பிறகு பார்க்கலாம் என்று தாண்டிப் போனேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே மின்னஞ்சல் பார்த்ததில் எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு பின்னேரம் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ரவுட்டரின் பச்சை விளக்கு மட்டும் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. கணினியைத் திறந்து ரவுட்டரோடு இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தேன். இரண்டு கருவிகள் இருந்தன. எங்கள் வீட்டிலோ ஒன்றுதான்.

ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து வைத்திருந்த காலம் அது. ஒரு நாள் தங்க வரும் விருந்தாளிக்கும் பதிவு வேண்டும். அப்படியிருக்க, முகம் தெரியாத ஒருவர் என் லைனுக்குள் குடியிருந்தார். அவர் யாருக்கு எதை அனுப்பினாலும் என் பெயரையும் விலாசத்தையும்தான் காட்டும். அந்த நாட்களில் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போக இதைவிடச் சின்னக் காரணமும் போதும்.

உடனே நடவடிக்கையில் இறங்கினேன். பட்டியலில் கருவிகளின் அடையாளமாக இருந்த இரண்டு நீண்ட எண்களில் எது கள்ளன் என்று உற்றுப் பார்த்தேன். இரண்டாவதில் எழுத்துகள் கூடுதலாக இருந்தன. அதுதான் சந்தேகத்துக்குரியது என்று முடிவு செய்து தடுத்தேன். மறுகணம் என் கணினியில் இணைப்பு அறுந்தது. பச்சை விளக்கு முன்போலவே துடித்தது.

"இஞ்சேருங்கோ, கள்ளனை உள்ளுக்கு விட்டுட்டு உங்களையெல்லே வெளியில போட்டிருக்கிறீங்கள்" என்றாள் மனைவி.

பழைய வயரைத் தேடியெடுத்து, கொழுவி, தடையை நீக்கினேன். இந்த முறை பாஸ்வேர்ட் போட்டேன். எட்டு எழுத்தாவது வேண்டும் என்றது. மறந்துபோகாமல் இருக்க 12345678 என்று போட்டேன். அது போதாது, ஆளைப் பயப்படுத்தவும் வேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஊரில் எதைக் கண்டால் எவரும் ஒதுங்கிப் போவார்கள் என்று யோசித்து, இணைப்பின் பெயரை 'காம்ப் டூ' என்று மாற்றினேன். முகாம் என்று பெயர் போட்டால் எவன் கிட்ட வருவான்? அன்றைக்கு நிம்மதியாகப் படுத்தேன்.

ஐந்தாம் நாள் காலை கேற்றடியில் கடற்படை அதிகாரி ஒருவர் நின்றார். கையில் மடிக்கணினி, பின்னால் துவக்கோடு ஒருவர். ஒழுங்கை முனை வீட்டைக் கடற்படை எடுத்து முகாமாக்கியிருந்தது.

"காம்ப் டூ எது?" என்று சிங்களத்தில் கேட்டார். "எங்களிடம் அப்படி ஒரு காம்ப் இல்லை. ஆனால் இந்தப் படலைக்கு வர வர சிக்னல் கூடுது."

மூன்று மொழிகளுக்கு நடுவில் வாழ்ந்து சம்பளம் எடுத்த நான், அந்த நேரம் மூன்றையும் ஒரே வசனத்தில் குழைத்தேன். வேர்த்து வழிய ஒருவாறு சொல்லி முடித்தேன். கள்ளனைப் பயப்படுத்தப் போட்ட பெயர் என்றபோது அவர் என்னையும் மடிக்கணினியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். துவக்கு வைத்திருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

"பாஸ்வேர்டை நான் முதல் தடவையிலேயே கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். "ஒரு நேவி காம்புக்கு இப்படி ஒரு பாஸ்வேர்டா என்றுதான் வெட்கமாயிருந்தது."

மனைவி கதிரை போட்டாள். தேத்தண்ணீர் கொடுத்தாள். அவர் தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை செய்பவராம். மனைவியிடம் ஊசி ஒன்று வாங்கி, ரவுட்டரின் பின்னாலிருந்த சின்னத் துளையில் குத்தி, பழைய அமைப்பை எல்லாம் அழித்தார். இணைப்புக்கு 'வீடு' என்று பெயர் வைத்தார். என்னைப் பக்கத்தில் இருத்தி, எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான பாஸ்வேர்ட் ஒன்றைப் போடச் சொல்லி, நான் தட்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். என் வாழ்நாளில் எந்தச் சீருடைக்காரரும் எனக்குக் காட்டிய அதிகபட்ச மரியாதை அதுதான்.

அதற்கு மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ரீச்சர் வந்தார். கிண்ணியாவைச் சேர்ந்தவர், கணவர் டோஹாவில். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை.

"அக்கா, உங்கட வீட்டில இன்டர்நெட் வேலை செய்யுதா? எங்கட வீட்டில மூணு நாளா இல்லை. வாப்பாட முகத்தைக் காணாம இவன் அழுறான்."

"நீங்கள் லைன் எடுத்திருக்கிறீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லையே. அவர் கொண்டுவந்த கம்பியூட்டர்ல அது தானா வந்திச்சு. கம்பனிக்காரங்க எல்லாருக்கும் சும்மா உட்றாங்க எண்டு நினைச்சன். பிறகு காம்ப் டூ எண்டு வந்திச்சு. நேவிக்காரங்களும் பாவம் பார்த்துக் குடுக்காங்க போல எண்டு நினைச்சன்."

"அதுக்குப் பாஸ்வேர்ட் இருந்ததே?"

"ஒண்டு ரெண்டு மூணு எண்டு எட்டு வரைக்கும் தானே, சேர்? அதுதானே எல்லாரும் போடுற."

மனைவி குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. நான் ஒரு வாரமாகப் பயந்து நடுங்கிய கள்ளனுக்கு இரண்டு பல் முளைத்திருந்தது.

அதிகாரி போகும்போது, பாஸ்வேர்டை எவருக்கும் கொடுக்கவேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டியிருந்தேன். அன்று பின்னேரமே ரீச்சர் வீட்டுக்குப் போய், அவருடைய கணினியில் என் கையால் தட்டிக் கொடுத்தேன். பதினாறு எழுத்துகளையும் சரியாகத் தட்ட எனக்கு நான்கு தடவை பிடித்தது. இணைப்பு வந்ததும் டோஹாவிலிருந்து ஒரு முகம் திரையில் துண்டு துண்டாகத் தெரிந்தது. "யார் இந்த ஆள்?" என்று அது முதல் கேள்வியாக என்னைப் பார்த்துத்தான் கேட்டது.