படி தாண்டாத அம்மா

அம்மாவுக்குக் கால் வீக்கம், மூச்சு வாங்குகிறது என்று பி.யூ.சி. வகுப்பு நண்பன் மணி புலம்புவான். ஒருநாள் ராயப்பேட்டையில் அவன் குடியிருந்த ஒற்றை அறைக்குப் போனேன். மணி இல்லை. பெருத்த உடம்போடு அவன் அம்மா போண்டா தின்றுகொண்டிருந்தார். இதுவா நோய்? எனக்குச் சந்தேகம்.

“பீச்சுல கொஞ்சம் நடக்கலாமே, அம்மா?”

“வூட்ட காலி பண்ணுன்றான் வூட்டுக்காரன். நான் படி தாண்டினா பூட்டு போட்டுடுவான், நைனா. கெணத்த ஏற்கெனவே பூட்டிட்டான். தண்ணியில்லாம இன்னாத்த ஆக்குறது? கடை போண்டாதான்.”

“நான் காவலுக்கு உக்கார்றேன். டாக்டரைப் பாத்துட்டு வாங்க.”

ஏற இறங்கப் பார்த்தார். “உன்ன வூட்டுக்காரன்தான் அனுப்சானா?”

கடைசிவரை அவர் நகரவேயில்லை.

மயிலாப்பூர் திரும்பினேன். எங்கள் சொந்த வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அம்மா பீச்சுக்கு நடக்கப் போயிருந்தாள்.